விடை தெரிந்த போலியுரு

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினர். அக்குடாநாட்டின் பழைய வரைபடமொன்றை இக்காலச் செய்மதிப் படத்தின்மேற் பொருத்த முயல்வோர்க்கு மணற்றிட்டுகள் துணைசெய்யா. காற்றும் நீரோட்டமும் அவற்றை இடம்பெயர்த்துவிடும். இரண்டிலும் தென்படும் கோட்டையே ஆதாரமாகும்.

இருதயத்தைப் பலவகைப் பொறிகளாற் படமெடுத்து ஒன்றன்மேலொன்று பொருத்தும் மருத்துவர்க்கு இத்தகைய கோட்டை வாய்ப்பதில்லை. துடிப்பும் மூச்சும் அவ்வுறுப்பை ஓயாது அசைக்கின்றன. ஆகவே, அளவு முன்னரே அறியப்பட்ட செயற்கை உருவொன்றைக் கொண்டு பொறிகளைச் சோதிக்கும் வழக்கம் எழுந்தது. மேல்நாட்டார் அதனை ஃபாண்டம் என்பர். தமிழிற் போலியுரு எனலாம்.

நீர் நிறைந்த உருளையே மிக எளிய போலியுரு. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சீ. ரீ. பொறி முதல் நோயாளியைப் படமெடுத்தது. நீரைச் சுழியாகக் கொண்ட அவர் பெயர் அளவுகோல் இன்றும் வழங்குகிறது. அதே ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகத் துறையை வளர்த்த ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் பல கோணக் கதிர்ப்படங்களிலிருந்து உள்ளுருவை மீட்கும் கணிதமுறையொன்றை வெளியிட்டனர். அதன் மேன்மை எவ்வாறு தெளிந்தது? 1974இல் பெல் ஆய்வுகூடத்து ஷெப், லோகன் ஆகிய இருவரும் பத்து நீள்வட்டங்களாலான தலைப் போலியுருவைக் கணக்களவில் அமைத்து, அம்முறையின் திருத்திய வடிவத்தை அன்று பொறியில் வழங்கிய முறையோடு ஒப்பிட்டனர். பொறியின் முறை பின்தங்கியது. விடை முன்னரே தெரிந்திருந்தமையால் வழக்கு நீளவில்லை.

தலை அசையாது கிடக்கும், இருதயம் அவ்வாறன்று. சீ. ரீ. படம் ஒரு கணத்து மூச்சுநிலையைக் காட்டும். பொசித்திரன் படமோ பல நிமிடங்களின் சராசரி. முன்னதைக்கொண்டு பின்னதன் கதிரிழப்பைத் திருத்துகையில், இருதயச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் நுரையீரல் அமைந்துவிட்டால், குருதி நன்கு பாயும் தசையும் வறண்டதுபோலத் தோன்றும். 2007இல் கூல்டும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வில், 259 நோயாளருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் இத்தகைய பொய்க்குறை காணப்பட்டது. நோயில்லாதார் வீணே குழாய்ச் சோதனைக்கு உட்படுதல் சிறு தீங்கன்று.

போலியிருதயத்தை எத்தனை மில்லிமீற்றர் நகர்த்தினோம் என்பது நமக்குத் தெரியும். இணைப்பின் பிழையை அதனால் அளக்கலாம். அதே உருவைப் பல மருத்துவமனைகளிற் படமெடுத்தால் ஒன்றின் முடிவை மற்றொன்றோடு ஒப்பிடவும் இயலும். செகார்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட எக்ஸ்கற் போலியுருவில் துடிப்பையும் மூச்சையும் விரும்பியவாறு மாற்றலாம். எனினும் அது கணினியினுள் மட்டும் வாழ்வது. கணக்கைச் சோதிக்குமேயன்றிப் பொறியைச் சோதியாது. பொறிக்குக் கையாற் தொடத்தக்க பொருள் வேண்டும். பொலிவைனைல் அற்ககோற் கரைசலைப் பலமுறை உறையவைத்து உருக்கிப் பெறும் களி சீ. ரீ., காந்தப் படம், மிகையொலிப் படம் மூன்றிலும் தெரிவதால், இருதய வடிவில் வார்க்கப்பட்டுப் பம்பியொன்றாற் துடிக்கவைக்கப்படுகிறது. நோயுற்ற இருதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பை அதனிடம் பெறுவதுதான் கடினம்.