வானவன் மாதேவி: சுந்தர சோழரின் அரசி

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். நோயில் கிடக்கும் சுந்தர சோழரை விட்டு நகராத அரசி. ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி மூவருக்கும் அம்மா. நாவலில் அவருக்குப் பெரிசா வேலை இல்லை. ஆனால் கல்வெட்டில் கதையே வேற.

அதற்கு முன் ஒரு விஷயம். ராஜேந்திரனைப் பெற்ற, ராஜராஜனின் தேவிக்கும் வானவன் மாதேவி என்றுதான் பெயர். மாமியாரையும் மருமகளையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது மாமியாரை.

இவர் பிறந்தது திருக்கோவலூர் மலையமான் குடியில். சாதாரணக் குடி இல்லை. கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் வழி என்று பெருமை பேசியவர்கள். சோழர் காலத்தில் அவர்களுக்கு அடங்கிய சிற்றரசர்கள்தான், ஆனாலும் பழைய பெருமை விட்டுப்போகவில்லை.

சுந்தர சோழர் ஏறத்தாழ 973-இல் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தார். வானவன் மாதேவி உடன்கட்டை ஏறினார். ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு கணவனைப் பின்தொடர்ந்த கற்பரசி என்று புகழ்ந்துவிட்டு அடுத்த அரசனுக்குப் போய்விடுகிறது. அரண்மனைக்கு அது போதும்.

பிறந்த ஊர் இன்னும் கொஞ்சம் சொல்கிறது. திருக்கோவலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் வரும் பாட்டு இவரை ராஜராஜனைப் பெற்றவர் என்று சொல்லிவிட்டு, பால் குடிக்கும் பிள்ளையைப் பிரிந்து போனார், தீயின் நடுவிலும் கணவனைப் பிரியவில்லை என்கிறது. புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையை மறைக்கவில்லை பாருங்க!

அந்தக் குழந்தைதான் ராஜராஜன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்குச் சரியாகப் படவில்லை. 973-இல் கைக்குழந்தை என்றால் 985-இல் பட்டத்துக்கு வரும்போது வயது பன்னிரண்டு. 1018-இல் பேரன் ராஜாதிராஜனுக்கே இளவரசுப் பட்டம் கட்டியாயிற்று. கணக்கு இடிக்கிறது. ஒன்று அது வேறொரு குழந்தை, இல்லையென்றால் தாய்மையைச் சொல்ல வந்த புலவரின் வாக்கு.

இன்னொன்றும் கவனிக்கணும். அதே கல்வெட்டுதான் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றில் உள்ள பாறையில் கபிலர் தீப்பாய்ந்ததையும் சொல்கிறது. அந்தக் கபிலர் குன்று இன்றும் ஆற்றில் நிற்கிறது. ஆக ஒரே கல்லில் இரண்டு தீ. மலையமான்களுக்கு இவர் சாவும் குடிப்பெருமையில் சேர்ந்துவிட்டது.

அன்றைய அரசிகளுக்கு வேறு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். இதே வீட்டில், கண்டராதித்தர் இறந்தபின் சின்னப் பிள்ளை உத்தம சோழனோடு உயிர் வாழ்ந்தவர் செம்பியன் மாதேவி. நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஊர் ஊராகக் கற்றளி எடுத்தார். யாரும் அவரைக் குறைவாகப் பேசவில்லை. சுந்தர சோழரின் இன்னொரு தேவி, சேர நாட்டுப் பெண், அவரும் கணவருக்குப் பின் வாழ்ந்திருக்கிறார். அதனால் 'அந்தக் கால வழக்கம்' என்று ஒரு வரியில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தாயை இழந்த குந்தவை பிறகு தம்பி கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்தார். கல்வெட்டு மட்டும் இருக்கிறது.