அலுமினியத் தகட்டில் நவீன ஓவியம்: என்ன, எப்படி, யாருக்கு?

சிவனொளிபாதமலை அடிவாரமான நல்லதண்ணியில் கடதாசிப் படம் நெடுநாள் தாங்காது. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை யாத்திரைக் காலம்; மற்ற மாதங்களில் மழையும் பனிமூட்டமும்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் பூஞ்சணம் ஏறிவிடும். அதனால், விடுதிச் சுவரொன்றில் அலுமினியத் தகட்டில் அச்சான ஓவியப் பிரதிகளைப் பார்த்தபோது, செலவு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. சில கோடுகள், ஒரு வட்டம், மீதி வெறும் உலோகம். 'மினிமலிஸம்' என்கிற, குறைத்துச் சொல்லும் ஓவிய வகை.

தகட்டை ஒரே திசையில் உராய்ந்து மெல்லிய கீறல்களை உண்டாக்குகிறார்கள். பெரும்பாலும் அது முழு உலோகம் அல்ல. இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை. அதன்மேல் அச்சாகும் மையைக் கழியூதாக் கதிர் உடனே உலர்த்துகிறது. கவனிக்க வேண்டியது வெள்ளை மை. அதை அடியில் இடாவிட்டால், படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடமெல்லாம் உலோகமாகத் தெரியும். வெற்றிடம் நிறைந்த ஓவியங்களுக்கு அது அழகு. ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. கராச்சியில் பிறந்து பரோடாவில் கற்பித்த நஸ்ரீன் மொஹமதியின் (1937–1990) நுண்ணிய கோடுகளைக் கீறல் விழுந்த தகட்டில் அச்சிட்டால், அவர் கோடு எது, தகட்டின் கோடு எது என்றே தெரியாது. என்னைக் கேட்டால், அவரைக் கடதாசியிலேயே விட்டுவிடலாம்.

அச்சிட உரிமையும் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1935இல் இறந்த மலேவிச்சின் கறுப்புச் சதுரத்தை அச்சிடலாம். நஸ்ரீனின் ஓவியத்துக்கு அனுமதி வேண்டும். மலையகத்தில் இன்று வரைகிற இளைஞரின் படத்துக்கும் அப்படியே. அவரிடம் கேட்டு, பணம் கொடுத்து அச்சிட்டால் எங்கிருந்தோ வந்த வட்டத்தைவிட இந்தச் சுவருக்கு அது பொருந்தும்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் ஏந்தப்பட்டவை, லெமினேட் செய்த படங்கள். வெயிலிலும் மழையிலும் அவை வெளிறிப் போகின்றன. தகட்டில் அச்சிடலாமா? அலுமினியம் இரும்புபோலத் துருப்பிடிக்காது. ஆனால் மை வெயிலில் மங்கும். எனவே வீட்டுச் சுவருக்கு ஏற்றது, தெருவுக்கு அல்ல. கடையில் கட்டாயம் சொல்லவேண்டியது: முகத்துக்கு அடியில் வெள்ளை மை இடவேண்டும். இல்லையென்றால் கண்ணின் வெண்மையும் பல்லும் சாம்பலாகி, பிள்ளையின் முகம் வேறொருவருடையதாகத் தோன்றும். சுவரோடு ஒட்டாமல் காற்றுப்போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். மூலைகள் எளிதில் நசுங்கும். துடைக்க மென்துணி போதும், தும்பு கூடாது.

முதலில் சிறு துண்டில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூலப்படத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேன் செய்யும்வரை அருகில் நின்று கையோடு வாங்கி வாருங்கள்.