நெஞ்செரிச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு!

இந்த முறை கொஞ்சம் வயிற்றைப் பற்றி எழுதப் போகிறேன், சிரிக்காதீர்கள்.

எங்கள் வடக்குப்பட்டு பெயர் 2022-ல் பேப்பரில் வந்தது. இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது பல்லாயிரம் வருடப் பழமையான கல்லாயுதங்கள் கிடைத்தன. அந்தக் கல்லாயுதக்காரர்கள் யாரும் நைட் ஷிப்ட் பார்க்கவில்லை. என் சித்தப்பா பார்க்கிறார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. விடியற்காலையில் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பார். அரை மணி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார். பாட்டி சீரகத் தண்ணீர் கொடுப்பார், ஓமம் மெல்லச் சொல்வார். கடைசியாக அதிமதுரம் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

இந்த நோய் நம் ஊருக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் வயிற்று எரிச்சல், புளித்த ஏப்பம், வலி எல்லாம் 'குன்மம்' என்ற பெயரில் வருகின்றன. யூகி முனிவர் பெயரில் உள்ள வைத்திய சிந்தாமணி குன்மத்தை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்றின் பெயரே எரி குன்மம். ஆயுர்வேதத்தில் இதற்கு நெருக்கமானது அம்லபித்தம். சரக சம்ஹிதையில் அதற்குத் தனி அத்தியாயம் இல்லை, பிறகு வந்த மாதவ நிதானத்தில் இருக்கிறது. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டு அளவுக்கும் செரிமானத்துக்கும் ஒதுக்கியது உங்களுக்கே தெரியும்.

இனி நான் எதிர்பார்க்காத விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியா வயிற்றுப்புண்ணுக்குப் பேர்போன பகுதியாக இருந்தது! குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி என்று பஞ்சாப் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டையும் நம் சென்னை மாகாண அரிசிச் சாப்பாட்டையும் தின்றவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. (எலிக்குக்கூட நம்ம சாப்பாடு ஒத்துக்கவில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.) பிறகு 1960-களில் மல்கோத்ரா என்ற ரயில்வே டாக்டரும் வடக்கைவிடத் தெற்கில் வயிற்றுப்புண் அதிகம் என்று எழுதினார். அவர் காரத்தைக் குற்றம் சொல்லவில்லை. சப்பாத்தியை மென்று தின்ன வேண்டும், அதனால் எச்சில் நிறைய சுரக்கும். குழைந்த சோற்றை அப்படியே விழுங்கிவிடுகிறோம் என்பது அவர் வாதம்.

புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமிதான் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் 1982-லிருந்து நிரூபிக்கத் தொடங்கி, 2005-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் சித்தப்பாவுக்கு வருவது புண் அல்ல, எதுக்களிப்பு. உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் தளர்ந்து அமிலம் மேலே ஏறுகிறது. சாப்பிட்டவுடன் படுத்தால் இன்னும் சுலபமாக ஏறும். பழைய ஏடுகளில் இரண்டும் ஒரே குன்மத்துக்குள் கலந்து கிடக்கின்றன. அதனால் 'குன்மத்துக்கு நல்லது' என்றால் எதற்கு நல்லது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதிமதுரத்துக்கு வருவோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அந்த இனிப்பு வேர் ஐரோப்பாவிலும் பழைய மருந்துதான். 1946-ல் ரெவர்ஸ் என்ற டச்சு டாக்டர் அதை வயிற்றுப்புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். கூடவே சிலருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டதையும் கவனித்தார். அந்த வேரின் சத்திலிருந்து 1960-களில் பிரிட்டனில் கார்பெனாக்சலோன் என்ற மாத்திரையே வந்தது. புண் ஆறியது. ஆனால் பலருக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது, உடம்பில் பொட்டாசியம் குறைந்தது. வேறு மாத்திரைகள் வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா ஏற்கெனவே பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்! தினமும் இரண்டு வேளை அதிமதுரக் கஷாயம், அதுவும் மூன்று மாதமாக. "வேர்தானேடா, என்ன செய்யப் போகிறது" என்றார் பாட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குக் கூட்டிப்போனேன். 2005-ல் திறந்தது, எங்களுக்கு பஸ் தூரம்தான். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே பி.பி. இருக்கிறதா என்றுதான். கஷாயத்தை அன்றே நிறுத்தச் சொன்னார். பி.பி. மாத்திரை கொடுத்த டாக்டரிடமும் போய்ச் சொல்லச் சொன்னார்.

இப்போது ஷிப்ட் முடிந்து வந்தால் இரண்டு இட்லி, அதற்கு மேல் கிடையாது. இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்துப் படுக்கிறார். சீரகத் தண்ணீரைப் பாட்டி விடவில்லை. நாங்களும் தடுக்கவில்லை. கட்டில் ஒரு பக்கம் உயரமாக இருப்பதால் தம்பி அதில் சறுக்கு விளையாடுகிறான் :)