எண்ணப்பட்டோரும் எண்ணியோரும்

மண்டி என்ற சொல் நமக்குப் புதிதன்று. அரிசி மண்டி, வெல்ல மண்டி என்று தமிழ்நாட்டு ஊர்களில் கேட்டுப் பழகிய சொல்லே அது. மொஹல்லா என்பது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் உருதுச் சொல். இவ்விரண்டும் இணைந்த மண்டி மொஹல்லா மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் ஒன்று. பண்டங்களை நிறுத்து விற்கும் இடத்தின் பெயர் பூண்ட அப்பகுதியில் வேறொரு தராசும் நெடுங்காலம் பணி புரிந்தது. ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் இருந்த தராசுதான் அது.

மிஷன் மருத்துவமனை என்று மக்கள் வழங்கும் அந்நிலையத்தில், 1934ஆம் ஆண்டு முதல், பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைத்தனர். அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ச்சியாளர் அவ்வேடுகளைத் திறந்தனர். அங்கே பிறந்து அந்நகரிலேயே வாழ்ந்துவந்த 517 பேரைத் தேடிக் கண்டு பரிசோதித்தனர். எடை குறைந்து பிறந்தோரிடையே பிற்காலத்தில் இதய நோய் மிகுந்திருந்தது என்ற முடிவு 1996இல் வெளியாயிற்று. நோயாளி ஒருவரை நோக்குவது மருத்துவம். ஊரையே நோக்கி, யாருக்கு, எங்கே, ஏன் நோய் வந்தது என்று எண்ணிப் பார்ப்பது நோய்ப் பரவலியல்.

குழந்தையின் எடையை எவரும் மறைப்பதில்லை. ஆனால் மறைக்கப்படும் நோய்களும் உண்டு. மேகநோய், வெட்டை, எய்ட்ஸ் முதலியவற்றைப் பற்றி உற்றாரிடமும் சொல்ல நாக்கூசுகிறது. மறைப்பவரை எவ்வாறு எண்ணுவது? எண்ணிய பின் அவர்களை என்ன செய்வது?

இக்கேள்விக்கு நம் நாடு முதலில் கண்ட விடை பெருமைப்படத் தக்கதன்று. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் அறிஞர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய ஆய்வில், பாலியல் தொழில் செய்த பெண்கள் அறுவரின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி புலப்பட்டது. இந்தியாவில் அக்கிருமி இருப்பதை முதன்முதல் மெய்ப்பித்த அரிய ஆராய்ச்சி அது. எனினும் இரத்தம் கொடுத்ததைத் தவிர அப்பெண்களுக்கு அதில் வேறு பங்கில்லை. பின்னர், கிருமி கண்ட பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தனர். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகிய பின்னரே அவர்களுக்கு விடுதலை கிட்டிற்று. கணக்கு சரியாயிருந்தது, கணக்கில் வந்தோரோ கைதிகளாயினர்.

மைசூர் வேறு வழி காட்டிற்று. 2004இல் அந்நகரில் பாலியல் தொழிலாளரிடையே நோய்த்தடுப்புப் பணி தொடங்கியது. கனடா நாட்டு மானிடோபாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர் சுஷேனா ரேசா-பால் இப்பணியில் முன்னின்றவர். மைசூரில் இத்தொழில் பெரும்பாலும் தெருவையே சார்ந்திருந்தது. எந்த முனையில், எந்த வேளையில், யார் நிற்பர் என்பதை அப்பெண்களே அறிவர். ஆகவே இடங்களைக் குறித்துக் காட்டும் வேலையும், தோழியரைத் தேடிச் சென்று பேசும் வேலையும், மருத்துவ நிலையத்துக்கு அழைத்து வரும் வேலையும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. அடியும் மிரட்டலும் நேரும்போது விரைந்து சென்று துணைநிற்கும் குழுவையும் அவர்கள் அமைத்துக்கொண்டனர். உயிருக்கே அஞ்சி நிற்பவளிடம் ஆணுறையின் அவசியத்தை எடுத்துரைத்துப் பயனில்லை அல்லவா? 2005இன் இறுதியில் அவர்கள் சொந்தச் சங்கம் கண்டனர். நம்பிக்கையின் உதயம் எனப் பொருள்படும் 'ஆஷோதயா' என்பது அதன் பெயர்.

பயன் என்ன? 2004இல் 429 பெண்களிடமும், 2006இல் 425 பெண்களிடமும் ஆய்வு நடந்தது. அவ்வப்போது வருவோரிடம் கடைசி முறை ஆணுறை பயன்பட்டது நூற்றுக்கு 65 என்பதிலிருந்து 90 ஆக உயர்ந்தது. மேகநோய் 25இலிருந்து 12 ஆகவும், டிரைக்கோமோனாஸ் தொற்று 33இலிருந்து 14 ஆகவும், வெட்டை 5இலிருந்து 2 ஆகவும் இறங்கின. எச்.ஐ.வி. மட்டும் 26, 24 என ஏறத்தாழ அப்படியே நின்றது. இதைத் தோல்வி என எண்ணலாகாது. மேகநோய் மருந்தால் குணமாகும், எச்.ஐ.வி. ஒருமுறை வந்தால் உடலிலேயே தங்கிவிடும். பழைய தொற்றுகள் கணக்கில் நீடிக்கவே செய்யும். வேறோர் ஊரை ஒப்பிட்டு நடத்திய ஆய்வன்று ஆதலால், மாற்றம் முழுவதும் இப்பணியின் விளைவே என்று அறுதியிட்டுக் கூறுவதும் பொருந்தாது. ஆயினும், தொழிலைத் தடுக்காமலும், எவரையும் அடைக்காமலும் நோய் இறங்கிற்று என்பது உறுதி.

போதை ஊசி போட்டுக்கொள்வோர் நிலையும் இதுபோன்றதே. ஓர் ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சிக் கிருமியும் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. சுனிதி சாலமனின் மைந்தரும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக நோய்ப் பரவலியலாளருமான சுனில் சாலமன், தம் குழுவினருடன் இந்திய நகரங்கள் 22இல் ஆராய்ச்சி நடத்தினார். சோதனை, ஆலோசனை, மருத்துவம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தரும் நிலையங்கள் சில நகரங்களில் அமைக்கப்பட்டன. அந்நகரங்களை மற்றவற்றோடு ஒப்பிட்டபோது ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு புலப்படவில்லை. ஆனால் நிலையத்தை நாடி வந்தவர்கள் சோதனை செய்துகொண்டது மிகுதியாயிருந்தது. கட்டடம் எழுப்பினால் போதாது. அஞ்சாமல் உள்ளே வரும் மனம் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு நெருங்கியது. மொழி தெரியாத நகரில், விடுதி அறையில் தனித்திருக்கும் தொழிலாளி தன் நோயை யாரிடம் சொல்வான்? மருத்துவரிடம் செல்லக் கூசி, 'இரகசிய நோய்களுக்கு' எனச் சுவரில் விளம்பரம் செய்வோரிடம் பொருளையும் உடலையும் இழப்போர் பலர். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் அவ்விடத்துக்கு நம்பிக்கை மையம் என்றே பெயர். 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம், ஒருவர் இசைவின்றிச் சோதனை செய்வதையும், அவருடைய நிலையைப் பிறர்க்கு வெளியிடுவதையும் தடுக்கிறது. 1986இல் அந்த அறுவருக்குக் கிடைக்காத காப்பு இன்று நமக்குச் சட்டத்தால் உரியது.

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். கைப்பிடித்து அழைத்துச் செல்வது அதனால் ஆகாது. மைசூரில் அவ்வேலையைச் செய்தவர்கள் அதே துன்பத்தை அறிந்த பெண்கள். அயலூரில் கூசி நிற்கும் நம் தோழன் ஒருவனை, பழியாமல், தமிழில் நான்கு சொல் பேசி, மருத்துவமனை வாயில்வரை உடன் சென்று விட்டுவருதல் நம் ஒவ்வொருவராலும் இயலும்.