மன்னார்க் கடலின் முத்துச் சலாபம்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ளது அரிப்பு. 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த்து என்பார் அங்கே தமக்கென ஒரு மாளிகை எழுப்பினார். இன்று அது கடலரிப்புக்கு இரையாகிச் சிதைந்து நிற்கின்றது. மக்கள் செறிவில்லாத அக்கரையில் ஆளுநர் ஒருவர் மாளிகை கட்டியதேன்? அதற்கெதிரே கடலடியிற் கிடந்த முத்துச்சிப்பியே காரணமாம்.

மன்னார்க்குடா முத்தின் புகழ் மிகத் தொன்மையானது. விசயன் தன் மாமனாகிய பாண்டியனுக்கு ஆண்டுதோறும் முத்தனுப்பினான் என்று மகாவமிசம் கூறும். கி. பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய பெரிப்புளூசு, பாண்டியரின் கொற்கையிலே குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்தமையைக் குறிக்கின்றது. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதைக் கண்டு எழுதியுள்ளார். யாழ்ப்பாண அரசின் செல்வத்துக்கு இக்கடலும் ஓர் ஊற்றாயிருந்தது என்பது இதனாற் புலனாகும். 1560 இற் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும் மன்னாரைக் கைப்பற்றியபோது இச்செல்வமும் அவர் வசமாயிற்று.

சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டுக்களைப் பார் என்பர். பெரிய பார், சேவற்பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் சில. முத்துக்குளித்தற்கு முன்னர்ப் பாரினைச் சோதித்தல் மரபு. மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்து, ஏறக்குறைய நான்கு ஆண்டு முதிர்ச்சி பெற்றிருந்தாலன்றிச் சலாபம் அறிவிக்கப்படமாட்டாது. தென்மேற்குப் பருவக்காற்றுத் தொடங்குமுன், கடல் அமைதியாயிருக்கும் மாசி, பங்குனி மாதங்களே அதற்குரிய காலம். அப்போது வெறுமணலிலே பல்லாயிரம் மக்கள் வாழும் நகரொன்று தோன்றிச் சில வாரங்களில் மறையும். குளிகாரர் கல்லைக் காலிற் கோத்துக் கடலில் இறங்குவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவாராகிய கடற்கட்டியின் துணையின்றி அவர் இறங்கார். எடுத்த சிப்பிகள் கொட்டு எனப்படும் அடைப்பிலே எண்ணப்பட்டு, மூன்றில் இருபங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிகாரருக்குமாகப் பிரிக்கப்படும்.

இவ்வளவு ஒழுங்கிருந்தும் கடல் ஆண்டுதோறும் கொடுத்ததில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1768 முதல் 1796 வரை சலாபமே நிகழவில்லை. அவ்விடைவெளியிற் பெருகிய சிப்பியை ஆங்கிலேயர் வந்தவுடனே வாரினர். 1797, 1798 ஆம் ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் ஓரிலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வருவாய் கிடைத்தது. 1799 இல் அது பெரிதும் வீழ்ந்தது. பின்னரும் 1837 இற்கும் 1855 இற்கும் இடையில் பார்கள் பயனற்றுக் கிடந்தன.

இம்மாற்றத்தின் காரணத்தை ஆராய அறிவியலின் துணை நாடப்பட்டது. இலங்கையிற் பிறந்த அறிஞர் கெலாட் 1857 முதலாகச் சிப்பியின் வாழ்வை ஆராய்ந்து, அதனை வேறிடத்திற் பெயர்த்து வளர்த்தல் கூடும் என்று காட்டினார். 1902 இல் வந்த பேராசிரியர் எர்ட்மன் பார்களை நேரிற் சோதித்தார். பெரிய பாரிற் பன்முறை இளஞ்சிப்பிகள் படிந்தும், முதிருமுன்னரே அவை அழிந்தமையைக் கண்டு, அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு கூறினார். பருவக்காற்றால் அலையும் மணல், சிப்பியைத் தின்னும் திருக்கை, கிளாத்தி, உடுமீன் ஆகியன, சிப்பியை மூடிப் படரும் சூரன் என்னும் சிறுமட்டி ஆகியவை அதன் இயற்கைப் பகைகளாம்.

1905 ஆம் ஆண்டுச் சலாபம் அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபாவுக்கு மேல் ஈட்டிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆண்டொன்றுக்கு 310,000 ரூபா வாடகைக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகப் பார்கள் ஒரு கம்பனிக்குக் கொடுக்கப்பட்டன. குத்தகை நீண்டது, சிப்பியோ நீடிக்கவில்லை. 1907 இற்குப் பின் அக்கம்பனிக்குச் சலாபம் வாய்க்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே அது கலைந்தது. 1925 இலும் 1958 இலும் நிகழ்ந்த சலாபங்களோடு மன்னாரின் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. எதிர்க்கரையாகிய தூத்துக்குடியிலும் 1961 உடன் அது முடிவுற்றது.

சிப்பி அழிந்தமைக்கு இயற்கையே காரணம் என்பாரும், மனிதர் பேராசையே காரணம் என்பாரும் உளர். வரலாறு இவ்விரண்டையும் பிரிக்க இடந்தரவில்லை. ஒல்லாந்தர் காலத்து நீண்ட வறட்சி, குளிப்பு நிகழாதபோதும் பார் அழியக்கூடும் என்பதைக் காட்டும். ஆனால் சிப்பியின் குஞ்சுகள் சில வாரம் நீரில் மிதந்த பின்னரே பாரிற் படிவன. அவற்றை ஈனும் முதிர்ந்த சிப்பிகள் ஒருங்கே வாரப்படின், இயற்கையின் இழப்பை ஈடுசெய்யும் வித்தும் அழிந்துபோம். நல்லாண்டின் விளைவு தீயாண்டுக்கு வைத்த முதலென்பதை 1798 உம் 1905 உம் மறந்தன.

இப்பாடம் முத்தோடு முடிவதன்று. அதே குடாவிற் கடற்புல்லை மேயும் ஆவுளியா அருகிவிட்டது. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017 இற் சட்டத்தால் தடைசெய்தது. அருவியாற்று முகத்துக்கு வடக்கேயுள்ள வங்காலை நீர்நிலம் 2010 இல் இராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. முற்காலத்தார் பாரைச் சோதித்தபின் குளித்தனர். அச்சோதனையும் பொறுமையும் சட்டத்தோடு சேருமாயின், எஞ்சிய கடல்வளமேனும் வருங்காலத்தார்க்கு உரியதாகும்.