எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடம்: சுற்றாடல் கற்கை கல்லூரிக்குள் வந்த கதை

சுற்றாடல் பற்றி ஒரு பாடநெறி வேணும் எண்டு சொன்னால் எந்தக் கம்பஸிலும் ஆரும் மறுக்கமாட்டினம். அதை எந்தப் பீடத்துக்குள்ள வைக்கிறது, ஆர் படிப்பிக்கிறது, காசு எங்கயிருந்து வாறது எண்டு கேட்கேக்கதான் கூட்டம் நீளத் தொடங்கும். உயிரியல்காரர் இது தங்கட பாடம் எண்டுவினம். புவியியல்காரர் நாங்கள் எப்பவோ தொடங்கிட்டம் எண்டுவினம். பொருளியலும் சட்டமும் வரலாறும் கதவடியில நிண்டு பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த இழுபறிக்கு அறுபது வயது ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையில் அந்த அறுபது வருடக் கதையைத்தான் நாங்கள் பார்க்கப்போகிறோம். குறிப்பாக, பல துறைகளைச் சேர்த்து ஒரு துணைப்பாடம் அமைக்க முயன்றவர்கள் எதைச் சரியாகச் செய்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதை. துணைப்பாடம் என்று நாங்கள் சொல்வது, அமெரிக்கக் கல்லூரிகளில் ‘மைனர்’ என்று அழைக்கப்படுவதைத்தான். ஒரு மாணவி இரசாயனவியலையோ வரலாற்றையோ பிரதான பாடமாகப் படிப்பாள். அதோடு ஐந்தாறு பாடநெறிகளை எடுத்து வேறொரு பாடத்திலும் ஓரளவு தேர்ச்சி பெறுவாள். அந்த இரண்டாவதுதான் மைனர்.

ஒரு துறைக்குள் அடங்காத கேள்வி

1962ல் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ அமெரிக்காவில் வெளிவந்தது. டி.டி.ரி. போன்ற பூச்சிகொல்லிகள் பறவைகளையும் மீன்களையும் மனிதரையும் என்ன செய்கின்றன என்பதுதான் அதன் பொருள். கார்சன் கல்லூரிக்குப் போனபோது முதலில் ஆங்கிலம் படித்தவர், பிறகுதான் உயிரியலுக்கு மாறினார். அந்த இரண்டு படிப்பும் சேர்ந்த ஒருவரால்தான் அப்படி ஒரு புத்தகத்தை எழுத முடிந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அவர் கிளப்பிய பிரச்சினையை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். மருந்து எப்படி உடைகிறது என்பது இரசாயனவியல். அது புழுவிலிருந்து பறவைக்குப் போவது உயிரியல். விவசாயி ஏன் அதை வாங்குகிறார் என்பது பொருளியல். அதை விற்க அனுமதித்தது அரசு, அது சட்டமும் அரசியலும். ‘பூச்சி எண்டாலே எதிரி’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வரலாற்றுக்குப் போகவேண்டும். ஆனால் கல்லூரியில் இவை ஐந்தும் ஐந்து கட்டிடங்களில் இருந்தன.

வெர்மொன்ட்டில் ஒரு சின்னக் கல்லூரி

1965ல் வெர்மொன்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரி, சுற்றாடல் கற்கையை இளமாணிப் பட்டத்துக்கான பிரதான பாடமாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இந்த வகையில் இதுவே முதலாவது என்று சொல்லப்படுகிறது. முதலாவது ‘பூமி தினம்’ வருவதற்கு ஐந்து வருடம் முன்னரே நடந்த கதை இது.

காலப்போக்கில் அங்கே உருவான அமைப்பு கவனிக்கத்தக்கது. எல்லாரும் படிக்கவேண்டிய சில பொதுப் பாடநெறிகள் உண்டு. இயற்கை விஞ்ஞானம், கொள்கை, பண்பாடும் வரலாறும், வரைபடம் சார்ந்த புவியியல் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதன்பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் விரும்பிய திசையில் ஆழமாகப் போகலாம், இலக்கியம் பக்கமும் போகலாம். கடைசியில் எல்லாரும் திரும்பவும் ஒரே வகுப்புக்குள் வந்து, கல்லூரிக்கு வெளியே உள்ள ஒரு அமைப்போடு சேர்ந்து குழுவாக ஒரு வேலையைச் செய்யவேண்டும். தொடக்கமும் முடிவும் பொது, நடுப்பகுதிதான் அவரவர் வழி.

2008ல் காலநிலை மாற்றத்துக்கு எதிராக ‘350’ என்ற பெயரில் தொடங்கிய உலகளாவிய இயக்கம், எழுத்தாளர் பில் மெக்கிபனும் மிடில்பரி மாணவர்கள் ஏழு பேரும் சேர்ந்து உருவாக்கியது.

1970: எல்லாக் கம்பஸிலும் ஒரே நாள்

1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான்ரா பார்பராக் கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரையெல்லாம் கறுத்தது. அதே வருடம் ஜூனில் ஒஹாயோவின் கயஹோகா ஆறு தீப்பற்றியது. ஆறு எரியிறதெண்டால், அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

விஸ்கொன்சின் மாநில செனட்டர் கேலோர்ட் நெல்சன் இதற்கு ஒரு வழி யோசித்தார். வியட்நாம் போருக்கு எதிராக 1965ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் இரவிரவாக விவாதக் கூட்டம் நடத்தியிருந்தார்கள். அதே முறையைச் சுற்றாடலுக்கும் எடுத்தால் என்ன? 1970 ஏப்ரல் 22 தெரிவானது. வசந்தகால விடுமுறைக்கும் ஆண்டிறுதிப் பரீட்சைக்கும் இடைப்பட்ட நாள் அது, மாணவர்கள் கம்பஸில் நிற்பார்கள். ஏறத்தாழ 2 கோடி பேர் கலந்துகொண்டார்கள். அதன்பிறகு கல்லூரிகள் போட்டிபோட்டுச் சுற்றாடல் பாடங்களைத் தொடங்கின.

அந்தக் காலத்தின் துணிச்சலான பரிசோதனை நெல்சனின் மாநிலத்திலேயே நடந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தை அதன் முதல் வேந்தர் எட்வர்ட் வைட்னர் வழமையான துறைகளைச் சுற்றிக் கட்டவில்லை. சுற்றாடல் சார்ந்த பெரும் பிரச்சினைகளைச் சுற்றிக் கட்டினார். வழமையான ஒரு துறையைப் பிரதான பாடமாக எடுக்கும் மாணவருக்கு, பல துறை சார்ந்த ஒரு துணைப்பாடமும் கட்டாயமாக இருந்தது. ‘ஈகோ யு’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. 1972ல் மெயின் மாநிலத்தில் 32 மாணவர்களோடு திறந்த ‘கொலேஜ் ஒஃப் தி அட்லான்ரிக்’ இன்னும் ஒரு படி மேலே போய், ‘மனித சூழலியல்’ என்ற ஒரே பட்டத்தை மட்டும் வழங்கியது. துறை எண்ட சொல்லே வேண்டாம் எண்டிட்டினம்.

மலிவான வழியும் அதன் விலையும்

எல்லாக் கல்லூரிக்கும் புது வளாகம் கட்ட ஏலாது. அதனால்தான் துணைப்பாடம் பிரபலமானது. புதிதாக ஆசிரியரை எடுக்கத் தேவையில்லை. ஏற்கனவே உள்ள பாடநெறிகளில் சுற்றாடல் வாசனை அடிப்பதையெல்லாம் ஒரு பட்டியலில் போட்டு, ‘இதில் ஆறு எடுத்தால் சரி’ என்று அறிவித்துவிடலாம். ஒரு பின்னேரக் கூட்டத்தில் முடியிற வேலை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வரும். பட்டியலில் உள்ள விரிவுரையாளரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பது அவருடைய சொந்தத் துறை. அங்கே ஆள் குறைந்தால் துணைப்பாடத்துக்கான வகுப்பைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மாணவியும் ஆறு வகுப்பில் ஆறு துண்டுகளைப் பொறுக்குவாள். அவற்றைச் சேர்த்துத் தைக்கிற வகுப்பு ஒன்றும் இருக்காது. நீரின் அமிலத்தன்மையை அளக்கத் தெரியும், நீர்ச் சட்டமும் தெரியும், ஆனால் இரண்டையும் ஒரே கிணற்றடியில் வைத்து யோசித்த அனுபவம் இருக்காது.

மிடில்பரியின் பொதுத் தொடக்கமும் பொது முடிவும் இந்த இடத்தில்தான் முக்கியமாகின்றன. எந்தெந்தப் பாடங்களைச் சேர்ப்பது என்பது திட்டமிடலில் இலகுவான பகுதி. பொறுப்பான ஆள் ஆர், அவருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, எல்லா மாணவரும் சேர்ந்து நிற்கிற ஒரு வகுப்பாவது உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத துணைப்பாடம் கையேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும்.

இந்தியா: எல்லாருக்கும் ஒரு தாள்

1972ல் ஸ்ரொக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு சுற்றாடல் கல்வியை வலியுறுத்தியது. 1977ல் திபிலிசியில் கூடிய மாநாடு, அந்தக் கல்வி பல துறைகளையும் இணைத்ததாக இருக்கவேண்டும் என்றது. ஆனால் அதை மிகப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்த வைத்தது ஒரு வழக்கு.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கல்வியின் எல்லா மட்டத்திலும் சுற்றாடலைப் படிப்படியாகக் கட்டாய பாடமாக்கும்படி சொன்னது. நடைமுறைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. 2003ல் நீதிமன்றம் மீண்டும் நெருக்கியபிறகு, பல்கலைக்கழக மானியக் குழு இளமாணி மாணவர் எல்லாருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எட்டு அலகுகள், 50 விரிவுரைகள், எழுத்துக்கு 75 புள்ளி, களவேலைக்கு 25 புள்ளி.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. வணிகம் படிக்கிற பிள்ளையும் இயந்திரவியல் படிக்கிற பிள்ளையும் ஒரே பாடத்தை எழுதுகிற நிலை உலகத்தில் எல்லா இடமும் இல்லை. ஆனால் இலட்சக்கணக்கானோருக்கு ஒரே தாள் வைக்கும்போது, உள்ளூர் ஆற்றைப் பற்றிய கேள்வியை விட ‘சூழல்தொகுதி என்றால் என்ன?’ என்ற கேள்விதான் திருத்துவதற்கு வசதி. அந்த 25 புள்ளிக் களவேலையை உண்மையாகச் செய்விப்பதற்கு அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவர் வேணும். மற்ற இடங்களில் அதுவும் ஒரு பைலுக்குள் முடிந்துவிடும்.

எங்கட கிணத்தடி

இலங்கையில் இந்தக் கதைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓ.எல். முடிந்த கையோடு எங்களைக் கலை, வணிகம், உயிரியல், கணிதம் என்று பிரித்துவிடுகிறார்கள். கலைப்பிரிவுக்குப் போன பெரும்பாலானோருக்கு அதோடு விஞ்ஞானம் முடிந்தது. உயிரியல் பிரிவுக்குப் போனவர் சட்டமோ வரலாறோ அதன்பிறகு தொடுவது அபூர்வம். கம்பஸ் வரும்போது சுவர் ஏற்கனவே எழும்பிவிடும். ஆகவே இங்கே ஒரு துணைப்பாடத்தைத் திட்டமிடுகிறவர்கள், கலைப்பீட மாணவிக்கு அடிப்படை இரசாயனமும் விஞ்ஞான பீட மாணவனுக்குச் சட்ட ஆவணம் வாசிக்கும் பழக்கமும் கொடுக்கும் ஒரு முதல் வகுப்பை அமைத்தே ஆகவேண்டும்.

ஏன் இவ்வளவு கஷ்டப்படவேணும்? சுன்னாகத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீர். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் இருப்பதால், ஓரிடத்தில் ஊறியது இன்னோரிடத்துக்கு இலகுவில் போகும். அனல் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, தண்ணீர் பாதுகாப்பானதா என்பதில் அறிக்கைகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. விசயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019ல் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பானது. அந்தக் காலம் முழுக்க, முரண்பட்ட இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து வாசித்து, எது எதை அளந்தது என்று ஊர்ச் சனத்துக்கு விளங்கப்படுத்தக்கூடிய ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

அப்படி வாசிப்பதற்குச் சட்டத்திலும் எங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. 1980ம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988ல் வந்த திருத்தத்தின்படி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்கப்படும். அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம் வரும். நிலவியல், நீரியல், மீன்வளம், பொருளியல், சட்டம் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். தனிய ஒரு துறை படித்தவரால் அதை முழுசா வாசிக்க ஏலாது.

எங்கள் கம்பஸ்களில் யாராவது இப்படி ஒரு துணைப்பாடத்தைத் திட்டமிடுவதென்றால், கடைசி வகுப்புக்கு நாங்கள் சொல்லக்கூடிய யோசனை இதுதான். வெவ்வேறு பீடத்து மாணவர் ஆறு பேரை ஒரு மேசையில் இருத்தி, உண்மையான ஒரு மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் கொடுங்கள். 30 நாளுக்குள் அதை வாசித்து, அந்த ஊருக்கே போய்ச் சனத்தோடு கதைத்து, தமிழில் ஒரு கருத்துரை எழுதி அனுப்பட்டும். புள்ளியை அதுக்குப் போடுங்கோ.