கரோயே மரம்

கரோயே என்பது ஸ்பெயின் நாட்டுக்குரிய கேனரி தீவுகளுள் ஒன்றான எல் இயெரோவில் நின்ற, மூடுபனியிலிருந்து நீர் சொரிந்த மரமாகும். அத்தீவின் தொல்குடிகளான பிம்பாச்சே மக்கள் இதனைப் புனித மரமாகப் போற்றினர். 1610 ஆம் ஆண்டுப் புயலில் இம்மரம் வேரோடு சாய்ந்தது.

தீவின் நீர்நிலை

எல் இயெரோ எரிமலையால் உருவான சிறு தீவு. இங்கு ஆறுகள் இல்லை. பெய்யும் மழையும் நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள் விரைவில் இறங்கிவிடும். ஆயினும், வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைச்சரிவில் மோதி மேலெழுகிறது. அங்கே குளிர்ந்து முகிலாகிறது. முகில் வந்து மோதும் அத்தகைய ஓரிடத்தில், ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் கரோயே நின்றது. இது இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த தில் என்னும் பசுமைமாறா மரம் எனக் கருதப்படுகிறது.

நீர் சேர்ந்த விதம்

மூடுபனியின் துளிகள் மிகச் சிறியவை. எடை குறைவாக இருப்பதால் அவை மழைபோல் கீழே விழுவதில்லை. காற்றோடு மிதந்து செல்கின்றன. எதிரே இலை வந்தால் காற்று வளைந்து விலகிவிடும். துளிகளோ அவ்வளவு விரைவில் திரும்ப இயலாமல் இலையில் மோதி ஒட்டிக்கொள்ளும். பல துளிகள் ஒன்றுசேர்ந்து பெருத்ததும் நீர் கீழே சொட்டும். இதனால் மரமில்லாத வெற்றுநிலம் ஏறக்குறைய உலர்ந்திருக்கும்போதும் மரத்தடி நனைந்திருக்கும். இலைகள் ஈரமாக இருக்கும் வேளையில் மரம் நீராவியாக இழக்கும் நீரும் குறைகிறது. சில தாவரங்கள் இலை வழியாகவே சிறிதளவு நீரை உறிஞ்சிக்கொள்கின்றன.

கரோயேயின் அடியில் வெட்டப்பட்ட குழிகளில் இந்நீர் தேங்கியது. மக்கள் அதனைப் பங்கிட்டுப் பயன்படுத்தினர்.

மரபுக்கதை

15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் தீவைக் கைப்பற்ற வந்தபோது, தண்ணீர் கிடைக்காவிட்டால் அவர்கள் திரும்பிவிடுவர் என்று எண்ணி மக்கள் மரத்தை மறைத்தனர் என்றும், அகார்ஃபா என்ற பெண் தன் காதலனான படைவீரனிடம் அந்த இரகசியத்தைச் சொல்லிவிட்டாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

அறிவியல் சான்று

இலைகள் முகிலிலிருந்து நீரைப் பிடிப்பதை, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருடால்ஃப் மார்லோத் என்ற தாவரவியலாளர் தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலையில் அளந்து காட்டினார். இரண்டு மழைமானிகளில் ஒன்றின்மேல் மட்டும் நாணற்கட்டை நிறுத்திவைத்தார். மற்றதைவிட அதில் பன்மடங்கு நீர் சேர்ந்திருந்தது.

மறுநடவு

1948 இல் எல் இயெரோவில் கடும் வறட்சி ஏற்பட்டு, பலர் வெனிசுவேலாவுக்குக் குடிபெயர்ந்தனர். பழைய மரம் நின்ற அதே இடத்தில் ஒரு தில் கன்று நடப்பட்டது. அது வளர்ந்து, இன்றும் மூடுபனி நாட்களில் நீர் சொட்டுகிறது. பழைய குழிகளும் அருகில் உள்ளன. தீவின் சின்னத்தில் கரோயே மரம் இடம்பெற்றுள்ளது.